தாவாவுக்கும் தவணை உண்டு

மளிகைக் கடை வைத்திருக்கும் நம்மவர் எவரும் பிஸ்கட் டின்னைத் திருப்பி, அடியில் அச்சிட்டிருக்கும் தேதியைப் பாராமல் சரக்கெடுப்பதில்லை. பால் டின்னுக்கும், சார்டின் டின்னுக்கும், மசாலாப் பொட்டலத்துக்கும் காலாவதி உண்டென்பது கடைப் பையனுக்கும் தெரியும். ஆனால் அதே கடையின் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் கிடக்கும் பேரேட்டில் எழுதிய பாக்கிக்கும், கெட்டுப்போய் வந்த சரக்குக்காக நாம் கேட்கவேண்டிய நஷ்டத்துக்கும், கடன்பட்டு வாங்கிய கடைக் கட்டடத்தின் சுவரில் விட்ட வெடிப்புக்கும்கூட ஒரு காலாவதித் தேதி உண்டென்பதை எத்தனை முதலாளிகள் அறிவார்கள்? டின்னில் அந்தத் தேதி கண்ணுக்குத் தெரிகிறது; தாவாவில் தெரிவதில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

ஜொகூர் பாருவிலும், மூவாரிலும், பத்து பகாட்டிலும், குளுவாங்கிலும் நம்மவர்கள் நாலு பேர் கூடினால் இந்தப் பேச்சு வராமல் இருப்பதில்லை. “அவன் தரவேண்டியது உண்மைதானே, எப்போது கேட்டால் என்ன?” என்பார் ஒருவர். “பில் கையில் இருக்கிறது, எங்கே ஓடிப்போய்விடுவான்?” என்பார் மற்றொருவர். பில் இருப்பது நல்லதுதான். ஆனால் அந்தப் பில்லில் உள்ள தேதியிலிருந்தே எதிராளிக்குச் சாதகமாக ஒரு கடிகாரம் ஓடத் தொடங்கிவிடுகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும்.

நாம் வக்கீல் அல்லோம். மதரஸாவிலும் ஆரம்பப் பள்ளியிலும் ஓதிப் படித்ததோடு கடையில் உட்கார்ந்தவர்கள். சட்ட வாசகத்தைப் படித்தும், விஷயம் தெரிந்தவர்களைக் கேட்டும் விளங்கிக்கொண்டதையே இங்கு எழுதுகிறோம். தம் சொந்தக் காரியம் என்று வரும்போது சகோதரர்கள் வக்கீலிடம்தான் போகவேண்டும். எந்த நாளுக்குள் போகவேண்டும் என்பதற்கே இப்பாடம்.

நம் நாட்டில் இதற்குரிய சட்டம் 1953ஆம் வருஷத்துக் காலவரம்புச் சட்டம். மலாயில் ‘அக்தா ஹாட் மாசா’ என்பார்கள். அதன் 6ஆம் பிரிவுதான் வியாபாரிக்கு முக்கியம். ஒப்பந்தத்தை மீறியதற்கும், ஒருவர் செய்த தீங்கினால் வந்த நஷ்டத்துக்கும் வழக்குப் போட 6 வருஷம். கடைக்குக் கொடுத்த கடன் பாக்கி, தரக்குறைவான சரக்கு, ஒழுங்காகச் செய்யாத கட்டட வேலை எல்லாம் இந்த 6 வருஷத்துக்குள் அடங்கும். வாடகை பாக்கியும் 6 வருஷம்தான். கோர்ட்டில் ஜெயித்து வாங்கிய தீர்ப்பை வைத்து வசூல் செய்ய 12 வருஷம். எதிர்த்தரப்பு அரசாங்கமோ நகராண்மைக் கழகம் போன்ற பொது அதிகாரமோ ஆனால் 6 வருஷம் என்று நினைத்து உட்காரக் கூடாது. 1948ஆம் வருஷத்துப் பொது அதிகாரிகள் பாதுகாப்புச் சட்டப்படி 36 மாதம்தான். சாக்கடை பராமரிப்பில் கோளாறு நேர்ந்து கடைக்குள் தண்ணீர் வந்து அரிசி மூட்டைகள் நனைந்தன என்று வழக்காட நினைப்பவர் இந்த 36 மாதத்தை மனத்தில் வைக்கவேண்டும்.

வருஷக் கணக்கை நினைவில் வைப்பது எளிது. எந்த நாளிலிருந்து எண்ணுவது என்பதில்தான் நம்மவர்கள் ஏமாறுகிறார்கள். “எனக்குத் தெரிய வந்த நாளிலிருந்து” என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். சட்டம் பொதுவாக அப்படி எண்ணுவதில்லை. வழக்குப் போடும் உரிமை பிறந்த நாளிலிருந்து எண்ணுகிறது. பணம் தரவேண்டிய தவணை தவறிய நாள், கெட்ட சரக்கு நம்மிடம் வந்து சேர்ந்த நாள், ஒப்பந்தத்துக்கு மாறாக வேலை செய்த நாள் ஆகியவையே அந்த நாள். நமக்குத் தெரிந்ததா தெரியவில்லையா என்று அது கேட்பதில்லை. இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

இது வெள்ளைக்காரன் கொண்டுவந்த அநியாயம், நம் மார்க்கத்தில் ஹக்கு ஹக்குதான் என்று சொல்வோரும் உண்டு. அவர்கள் நம் ஜொகூரின் பழைய சரித்திரத்தைக் கொஞ்சம் புரட்டிப் பார்க்கவேண்டும். துருக்கி உதுமானிய அரசு 1869 முதல் 1876 வரை, அஹமது ஜவ்தத் பாஷாவின் தலைமையில், ஹனபி மத்ஹபுப்படி கொடுக்கல் வாங்கல் சட்டங்களைத் தொகுத்து ‘மஜல்லா’ என்று வெளியிட்டது. 1,851 ஷரத்துக்கள். அந்த மஜல்லாவை மலாயில் பெயர்த்து 1913ஆம் வருஷம் ‘மஜல்லா அஹ்காம் ஜொகூர்’ என்று இந்த ராஜ்யத்திலேயே வெளியிட்டார்கள். சாதாரண மக்கள் ஷாபி மத்ஹபில் இருக்க, சட்டப் புத்தகம் ஹனபி மத்ஹபில் வந்தது ஒரு விசேஷம்.

அந்த மஜல்லாவிலும் காலவரம்பு உண்டு! கடன், அமானிதம், சொத்து, வாரிசுரிமை ஆகியவற்றைப் பற்றிய தாவாவைத் தகுந்த காரணமின்றி 15 வருஷம் கேட்காமல் விட்டால், பிறகு காஜி அதை விசாரிக்கமாட்டார். வாதி சிறு பிள்ளையாகவோ, புத்தி சுவாதீனம் இல்லாதவராகவோ, தூர தேசத்தில் இருந்தவராகவோ இருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. இவ்வளவும் சொல்லிவிட்டு, காலம் கடந்ததனால் ஹக்கு அழிந்துவிடாது என்றும் அதே புத்தகம் கூறுகிறது. பிரதிவாதி காஜியின் முன் நின்று, “ஆம், நான் தரவேண்டியதுதான்” என்று ஒப்புக்கொண்டால் 15 வருஷம் கடந்திருந்தாலும் தீர்ப்பு உண்டு. கடன் வாங்கியவன் அல்லாஹ்விடத்தில் கடன்காரனாகவே இருக்கிறான். காஜியின் வாசல் மட்டுமே மூடியிருக்கிறது.

இன்றைய சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான். காலம் கடந்துவிட்டது என்று எதிராளி தன் பதிலில் எடுத்துச் சொன்னால்தான் வழக்குத் தள்ளுபடியாகும். அவர் சொல்லாமல் விட்டால் கோர்ட்டு தானாக எடுத்துக்கொள்வதில்லை. ஆனால் வக்கீல் வைத்த எதிராளி இதைச் சொல்லாமல் விடுவார் என்று நம்பி யாரும் வழக்குப் போடவேண்டாம்.

இனிக் கடன் பாக்கிக்கு வருவோம். ஒரு சாப்பாட்டுக் கடைக்கு 2018 மார்ச் 1இல் சரக்குக் கொடுத்து, ஒரு மாதத் தவணை என்று வைத்துக்கொள்வோம். ஏப்ரல் 1 கடந்தும் பணம் வரவில்லை. அன்றிலிருந்து எண்ணினால் 2024 ஏப்ரல் தொடக்கத்தில் கதவு மூடிவிடும். ஒவ்வொரு பில்லுக்கும் தனித்தனிக் கணக்கு. மொத்தப் பாக்கி 20,000 வெள்ளி என்று பேரேட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதனால் பழைய பில்லெல்லாம் புதிதாகிவிடுவதில்லை.

ஆனால் இந்தக் கடிகாரத்தைத் திருப்பி வைக்கச் சட்டமே இரண்டு வழி கொடுத்திருக்கிறது. ஒன்று, கடன்காரர் “இன்ன தொகை நான் தரவேண்டும்” என்று எழுதிக் கையொப்பமிட்டுக் கொடுப்பது. மற்றொன்று, அந்தக் கடனில் ஒரு பகுதியைச் செலுத்துவது. இரண்டில் எது நடந்தாலும் அந்த நாளிலிருந்து புதிதாக 6 வருஷம் எண்ணப்படும். மேற்படி சாப்பாட்டுக் கடைக்காரர் 2023 ஜனவரியில் 300 வெள்ளி கொடுத்திருந்தால், மீதிக்கு 2029 ஜனவரி வரை இடமுண்டு. ஆகவே, பாக்கிக்காரர் கொஞ்சம் பணம் கொண்டுவந்து கொடுக்கும்போது, “பரவாயில்லை, முழுசாகக் கொண்டு வாருங்கள்” என்று கௌரவம் பார்த்துத் திருப்பி அனுப்புவது புத்தியல்ல. வாங்கிக்கொண்டு, எந்தப் பாக்கிக்கு வந்தது, என்று வந்தது என்று எழுதி இரண்டு பேரும் கையொப்பமிட வேண்டும். வெறும் வாய்ப்பேச்சாக “தருகிறேன் காக்கா, அடுத்த மாசம்” என்று சொன்னது கணக்கில் சேராது. கைபேசியில் வந்த செய்தி கையொப்பமாகுமா என்பது வக்கீல்களுக்கு வாதாட நல்ல விஷயம். நமக்கு வேண்டியது ஒரு துண்டுக் காகிதமும் ஒரு பேனாவும்.

6 வருஷம் கடந்தே போயிற்று என்றால்? அப்போதும், “அந்தப் பழைய கடனைத் தருகிறேன்” என்று கடன்காரர் புதிதாக எழுதிக் கையொப்பமிட்டால், அது செல்லும் என்று 1950ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டம் கூறுகிறது. இதே சட்டத்தில் பலர் அறியாத இன்னொரு நுணுக்கம். பல பாக்கிகள் உள்ளவர் எந்தப் பாக்கிக்கு என்று சொல்லாமல் பணம் கொடுத்தால், வாங்குபவர் தம் இஷ்டப்படி வரவு வைக்கலாம். காலாவதியான பாக்கிக்கும் வைக்கலாம். பற்று வரவு எழுதும் கணக்குப்பிள்ளைமார் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

ஊரில் வியாபாரத் தொடர்பு உள்ளவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. சென்னையிலோ தூத்துக்குடியிலோ உள்ள தரகருக்கு முன்பணம் அனுப்பி, அது அங்கே சிக்கிக்கொண்டால், இந்தியாவில் 1963ஆம் வருஷத்துச் சட்டப்படி இத்தகைய பணத் தாவாவுக்குப் பொதுவாக 3 வருஷம்தான். இங்கே 6 என்ற நினைப்பில் அங்கே கோட்டைவிடக் கூடாது.

சரக்கில் வரும் குறைக்கு இரண்டு கடிகாரம் ஓடுகிறது. 1957ஆம் வருஷத்துச் சரக்கு விற்பனைச் சட்டம், விற்ற பொருள் விற்பனைக்குத் தகுந்த தரத்தில் இருக்கவேண்டும் என்கிறது. மிளகாய் மூட்டையைப் பிரித்தால் உள்ளே பூஞ்சை. மூட்டையைத் திருப்பி அனுப்பும் உரிமை உண்டு. ஆனால் நியாயமான காலத்துக்குள் “இது வேண்டாம்” என்று சொல்லாமல் வைத்துக்கொண்டாலோ, அதைத் தம் சரக்குப் போல் விற்கத் தொடங்கினாலோ ஏற்றுக்கொண்டதாகவே ஆகும். பிறகு திருப்ப முடியாது, நஷ்டத்தைத்தான் கேட்கலாம். அந்த நஷ்டத்துக்கு 6 வருஷம், சரக்கு வந்து சேர்ந்த நாள் முதல்.

மதரஸாவில் ‘கியாருல் ஐப்’ ஓதியவர்களுக்கு இது புதிதல்ல. பொருளில் ஐப் கண்டவுடனே தாமதமின்றித் திருப்பவேண்டும் என்பது ஷாபி மத்ஹபு. ஹனபி மத்ஹபில் உடனே என்ற கட்டாயமில்லை. குறையைத் தெரிந்தும் அதை ஒப்புக்கொண்டதாகக் காட்டும் காரியம் எதையும் செய்யாதிருந்தால் உரிமை இருக்கும். மரைக்காயர் கடையும் ராவுத்தர் கடையும் அடுத்தடுத்து இருக்கும் தெருவில் இதைப் பற்றித் தர்க்கம் நடந்தால் சுவையாகத்தான் இருக்கும். நம் அபிப்பிராயம் கேட்டால், வியாபார விஷயத்தில் ஷாபி இமாமின் வழியே பத்திரம். மூட்டையை இறக்கிய அன்றே இரண்டொன்றைப் பிரித்துப் பார்த்து, குறையிருந்தால் அன்றே எழுத்தில் தெரிவிப்பதால் கெடுவது ஒன்றுமில்லை.

கப்பலில் வரும் சரக்குக்கு 6 வருஷம் கிடையாது. பாசிர் கூடாங்கிலோ தஞ்சோங் பெலப்பாஸிலோ இறங்கிய கொள்கலனில் வெங்காயம் அழுகியிருந்து, கப்பல்காரரைக் கேட்க வேண்டுமானால், சரக்கு ஒப்படைத்த நாளிலிருந்து 1 வருஷத்துக்குள் வழக்குப் போடவேண்டும். வெளிப்பார்வைக்குத் தெரியாத சேதமாயின் 3 நாளுக்குள் எழுத்தில் அறிவிக்கவேண்டும். அறிவிக்காவிட்டால் சரக்கு நல்ல நிலையில் வந்தது என்றே முதலில் எடுத்துக்கொள்ளப்படும். அதை மாற்றிக் காட்டும் பாரம் நம் தலையில் விழும்.

சப்ளையர் பில்லின் பின்பக்கத்தில், “எந்த வழக்கானாலும் 3 மாதத்துக்குள்” என்று பொடி எழுத்தில் அச்சிட்டிருந்தால் பயப்படவேண்டாம். சட்டம் கொடுத்த வழக்குக் காலத்தைக் குறைக்கும் ஒப்பந்தம் அந்த அளவுக்குச் செல்லாது என்பது ஒப்பந்தச் சட்டத்தின் 29ஆம் பிரிவு. நம் கடையில் வாங்கிய வாடிக்கைக்காரரோ, 1999ஆம் வருஷத்துப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி 3 வருஷத்துக்குள் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் நம்மீது புகார் கொடுக்கலாம். விற்பதற்காகச் சரக்கு வாங்கும் நமக்கு அந்தத் தீர்ப்பாயம் இல்லை. மேசைக்கு அந்தப் பக்கம் உட்காருவதுதான் நமக்கு வாய்த்தது!

இனி மிகவும் முக்கியமான விஷயம், கட்டடம். வியாபாரி தன் ஆயுள் சம்பாத்தியத்தைப் போட்டு ஒரு கடைவீடு வாங்குகிறான். ஒன்பது வருஷம் கழித்து உத்திரத்தில் வெடிப்புத் தெரிகிறது. கட்டியபோது உள்ளே செய்த குற்றம், பூச்சுக்குப் பின்னால் இத்தனை வருஷம் மறைந்து கிடந்தது. ஒப்பந்தப்படி கேட்கலாம் என்றால் 6 வருஷம் போயே போய்விட்டது. தெரியாத ஒன்றுக்கு எப்படி வழக்குப் போடமுடியும் என்று அவன் கேட்பது நியாயந்தானே?

இதே கேள்வி இங்கிலாந்தில் ஒரு பெரிய வழக்காயிற்று. பிரெல்லி என்னும் கம்பெனிக்கு 1969ஆம் வருஷம் ஓர் உயரமான புகைபோக்கி கட்டினார்கள். அதன் உட்புறத்துக்குப் பயன்படுத்திய பொருள் பொருத்தமற்றது. 1970 ஏப்ரலுக்குள்ளாகவே உச்சிப் பக்கம் வெடிப்பு விட்டுவிட்டது. அவ்வளவு உயரத்தில் யார் ஏறிப் பார்க்கிறார்கள்? கம்பெனி அதைக் கண்டது 1977 நவம்பரில். வழக்குப் போட்டது 1978 அக்டோபரில். வடிவமைத்துக் கொடுத்த என்ஜினியர்களின் கவனக்குறைவு என்பது வழக்கு. மேல் கோர்ட்டான பிரபுக்கள் சபை, வெடிப்பு விட்ட 1970இலிருந்து 6 வருஷம் என்று எண்ணி, வழக்குக் காலம் கடந்தது என்று தீர்த்தது. அதாவது குற்றத்தைக் கண்டுபிடிக்கும் முன்பே கதவு மூடியாயிற்று! தீர்ப்புச் சொன்னவர்களிலேயே இது கொடுமை என்று சொன்னவர் உண்டு. அதன் பிறகே அங்கே 1986இல் மறைந்த சேதத்துக்கென்று தனிச் சட்டம் செய்தார்கள். பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் 1992இல் அதே ஏற்பாடு வந்தது. நம் நாட்டில் 2018இல் சட்டத்தைத் திருத்தி, 6ஏ என்னும் பிரிவைச் சேர்த்து, 2019 செப்டம்பர் 1 முதல் அமலாக்கினார்கள். அக்கரையில் உள்ளவருக்கும் இக்கரையில் உள்ளவருக்கும் இடையே 27 வருஷ வித்தியாசம்.

6ஏ பிரிவு சொல்வது இதுதான். கவனக்குறைவினால் வந்த சேதம் மறைந்திருந்து பின்னால் தெரியவந்தால், தெரிய வந்த நாளிலிருந்து 3 வருஷத்துக்குள் வழக்குப் போடலாம், பழைய 6 வருஷம் முடிந்திருந்தாலும். ஆனால் எந்தக் காரணத்தாலும் வழக்குரிமை பிறந்த நாளிலிருந்து 15 வருஷத்தைத் தாண்டக் கூடாது. மஜல்லாவின் 15 வருஷமும் இந்த 15 வருஷமும் ஒன்றாக அமைந்திருப்பதைப் பார்த்தபோது நமக்குச் சற்று வியப்பாகவே இருந்தது.

இதில் மூன்று விஷயத்தைக் கவனிக்க வேண்டும். இது கவனக்குறைவைக் காட்டிப் போடும் வழக்குக்கே உரியது. ஒப்பந்த மீறலுக்குப் பழைய 6 வருஷமே. ஆகவே, என்ஜினியரோ குத்தகைக்காரரோ கவனமின்றி நடந்தார் என்பதை நாம்தான் ருசுப்பிக்க வேண்டும். மேலும், ‘தெரிய வந்தது’ என்றால் நமக்கு மனப்பூர்வமாகத் தெரிந்தது மட்டுமல்ல, நியாயமான மனிதன் பார்த்தும் கேட்டும், வேண்டுமானால் நிபுணரை அழைத்துக் காட்டியும் தெரிந்துகொண்டிருக்கக் கூடியதும் சேரும். சுவரில் விரல் நுழையும் அளவு வெடிப்பு விட்டிருக்க, அதன்மேல் காலண்டரை மாட்டி வைத்தவருக்கு இந்தப் பிரிவு துணை வராது. வெடிப்பைக் கண்ட அன்றே தேதியோடு படமெடுத்து, என்ஜினியரைக் கூப்பிட்டுக் காட்டி, அவர் சொன்னதை எழுத்தில் வாங்கி வைக்க வேண்டும்.

குடியிருப்பு வீட்டைக் கட்டுமான நிறுவனத்திடம் வாங்கியவருக்கு வேறு சலுகை உண்டு. சாவி கொடுத்து 24 மாதத்துக்குள் தெரியும் குறைகளை நிறுவனமே தன் செலவில் சரிசெய்ய வேண்டும். செய்யாவிட்டால், அந்தப் பொறுப்புக் காலம் முடிந்து 12 மாதத்துக்குள் வீடு வாங்குவோர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம்.

எதிராளி மோசடியாக மறைத்திருந்தால் அது தனி. உத்திரத்தில் போடவேண்டிய கம்பியைத் திருடிவிட்டு, தெரியாமலிருக்கப் பூசி மூடினான் என்று காட்ட முடிந்தால், 29ஆம் பிரிவின்படி, மோசடி தெரிந்த நாளிலிருந்தோ, கவனமாயிருந்தால் தெரிந்திருக்கக் கூடிய நாளிலிருந்தோ கணக்குத் தொடங்கும்.

குடும்பத் தலைவர் திடீரென்று மௌத்தாகிவிட, சிறு பிள்ளைகளை வைத்துக்கொண்டு கடைக் கணக்கைப் பார்க்கும் தாய்மார் நம்மில் பலருண்டு. உரிமை பிறக்கும்போதே உரியவர் 18 வயது நிரம்பாதவராயிருந்தால், வயது வந்தபின் 6 வருஷம் உண்டு. ஆனால் தகப்பனார் காலத்திலேயே ஓடத் தொடங்கிய கடிகாரம், பிள்ளை சிறுவன் என்பதற்காக நிற்பதில்லை. எனவே மையித்து அடக்கம் முடிந்து, இத்தா நாட்களில் உறவினர்கள் வந்து போகும்போதே, யாராவது ஒருவர் அந்தப் பேரேட்டை எடுத்து, பாக்கிகளின் தேதியைப் பார்த்து வைப்பது அந்தப் பிள்ளைகளுக்குச் செய்யும் பேருதவி.

எது கடிகாரத்தை நிறுத்தும்? கோர்ட்டில் வழக்குப் பதிவாவது மட்டுமே. வக்கீல் நோட்டீஸ் நிறுத்தாது. போலீஸ் ரிப்போர்ட் நிறுத்தாது. பத்துத் தடவை கடைக்குப் போய் நின்று கேட்டதும் நிறுத்தாது. மஜல்லாவும் இதையே சொல்லிற்று: காஜியின் சபையில் கேட்டதுதான் கேட்டது; வெளியில் கேட்டதனால் காலம் ஓடாமல் நிற்பதில்லை.

நம்மவர்களிடையே உள்ள நல்ல வழக்கம், கோர்ட்டுக்குப் போகுமுன் ஜமாஅத்திலோ சங்கத்திலோ நாலு பெரியவர்களை வைத்துப் பேசுவது. அதை விடவேண்டாம். ஆனால் பேச்சு நோன்புக்குப் பிறகு, பெருநாளுக்குப் பிறகு, ஹஜ்ஜுக்குப் பிறகு என்று தள்ளிப்போகும். அதற்குள் 6 வருஷம் நிறைந்துவிட்டால் அதுவரை பணிவாகப் பேசியவரின் குரலே மாறிவிடும். ஆகையால் பஞ்சாயத்தில் உட்காரும் பெரியவர்கள் முதல் நாளிலேயே இரண்டு காரியம் செய்யவேண்டும். தாவா எந்தத் தேதியில் பிறந்தது என்று கேட்டுக் குறித்துக்கொள்வது ஒன்று. பாக்கி உண்மை என்று எதிர்த்தரப்பு சபையில் வாயால் ஒப்புக்கொண்டால், அதே வார்த்தையைத் தொகையோடும் தேதியோடும் எழுதி, டீ வருமுன் கையொப்பம் வாங்கிவிடுவது மற்றொன்று.